படங்களுடன் கூடிய இஸ்லாமிய அறிமுக நூலை வாங்கும் முன்

இஸ்லாத்தைப் புதிதாக அறிய விரும்புவோருக்குப் படங்கள் நிறைந்த சிறுநூல் பெரிதும் உதவும். ஆனால், அதை வாங்குவதற்கு முன் உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவித் தூய்மை செய்தல்), தொழுகை, ஹஜ் ஆகிய மூன்று பகுதிகளையாவது புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அரபியிலிருந்தோ உருதுவிலிருந்தோ பெயர்க்கப்படும் நூல்களில், வலமிருந்து இடமாகச் செல்லும் பக்க அமைப்பை மாற்றும்போது படங்களும் இடவலமாகத் திரும்பிவிட வாய்ப்புண்டு. தொழுகையில் நிற்பவரின் வலக்கை இடக்கையின் மேல் இருக்கிறதா என்றும், மக்காவிலுள்ள புனித ஆலயமான கஅபாவை 7 முறை சுற்றி வருவோருக்கு அது இடப்பக்கம் அமைகிறதா என்றும் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். கைகளை எங்கே கட்டுவது, ருகூஉவுக்கு (குனியும் நிலைக்கு) செல்லும்போது அவற்றை உயர்த்துவதா என்பவற்றில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுக்கிடையே) வேறுபாடு உண்டு. ஆகவே நூல் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறது என்பதை முன்னுரையில் தேடிப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஷாஃபி வழக்கமே பரவலானது என்பதால், இது நம் வாசகர்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

நபிகள் நாயகத்தின் உருவப்படம் இல்லாததைக் குறையாகக் கருத வேண்டாம். அவருடைய பெயரை அழகிய அரபு எழுத்தில் வரைவதே மரபு. அரபு ஓதல்களுக்குத் தமிழ் ஒலிபெயர்ப்பும் பொருளும் அருகருகே இருந்தால், அந்த நூலையே தேர்ந்தெடுங்கள்.