லெவலைத் தாண்டக் காசு கொடுக்கலாமா? வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் பூஸ்ட், புதியவர்களுக்குப் படிப்படியாக

2014 மார்ச்சில் பிளிஸார்டு நிறுவனம் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற தன் ஆன்லைன் கேமின் கடையில் பூஸ்ட் என்ற ஒரு புதுச் சரக்கை வைத்தது. விலை 60 டாலர். வாங்கினால் உங்கள் கேரக்டர் ஒரே நொடியில் லெவல் 90 ஆகிவிடும். அன்றைக்குக் கேமின் உச்ச லெவலே அதுதான். அந்த விலையை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று கேட்டபோது, கேமின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான அயன் ஹாஸிகோஸ்டாஸ் வெளிப்படையாகவே சொன்னார்: விலையைக் குறைத்தால் லெவல் ஏறுவதன் மதிப்பும் சேர்ந்து குறைந்துவிடும்.

அதை விற்பவர்களே அப்படி நினைக்கிறார்கள் என்றால், வாங்குகிற நாமும் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்க வேண்டும். பூஸ்ட் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வேலை, குடும்பம் என்று நாளெல்லாம் ஓடிவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் நண்பர்களோடு விளையாட உட்காருகிறவருக்கு அது நல்ல வசதி. ஆனால் எந்த கிளாஸ் (வாரியர் மாதிரியான கேரக்டர் வகை) உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதல் கேரக்டருக்கு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதல் படி: என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

பூஸ்ட் உங்களைப் பெரும்பாலும் புது எக்ஸ்பான்ஷனின் (கேமோடு புதிதாகச் சேரும் கதையும் ஊர்களும்) வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். 2014இல் 90, 2016இல் 100, 2018இல் 110. 2020இல் கேமின் லெவல்களையே சுருக்கி 120ஐ 50 ஆக்கினார்கள். அந்த வருடம் பூஸ்டும் 50 ஆனது. 2022இல் 60, 2024இல் தி வார் விதின் என்ற எக்ஸ்பான்ஷன் வந்தபோது 70. ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் இந்த எண் மாறும் என்பதால், வாங்கும் நாளில் கடைப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வார் விதினில் உச்சம் 80 ஆக இருந்தது. அதாவது 70க்குத் தாண்டினாலும் மீதிப் பத்து லெவலை நீங்கள்தான் ஏற வேண்டியிருந்தது.

லெவலோடு அதற்கேற்ற கியர் (ஆயுதம், கவசம்), சில பைகள், வாகனம் எல்லாம் வரும். மூலிகை பறிப்பது, கவசம் அடிப்பது மாதிரியான தொழில்கள் வராது. புதிதாக உண்டாக்கிய கேரக்டர் என்றால் அவற்றை அடியிலிருந்து கற்க வேண்டும். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்ற பழக்கமும் வராது. பெரிய குறை அதுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். புரொடெக்ஷன் வாரியர், அதாவது கேடயம் ஏந்தி முன்னால் நின்று அடி வாங்கும் டாங்க். கீழிருந்து ஏறி வருகிறவருக்கு முதலில் ஓரிரண்டு அடிகள்தான் இருக்கும். அப்புறம் ஷீல்டு ஸ்லாம் கிடைக்கும். அதை அடித்தால் ரேஜ் என்ற சிவப்புப் பட்டை ஏறும். பிறகு தண்டர் கிளாப்; சுற்றி நிற்கும் கூட்டத்தை ஒரே அடியில் தன் பக்கம் திருப்பவும் ரேஜ் சேர்க்கவும் அது உதவும். சேர்ந்த ரேஜைச் செலவழிக்க ஷீல்டு பிளாக், இக்னோர் பெயின். முதல் இரண்டால் சேர்த்து அடுத்த இரண்டால் செலவழிப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. லெவல் ஏறிக்கொண்டே வருகிறவருக்கு ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு நாளில் வருவதால், இந்தத் தாளம் யாரும் சொல்லித்தராமலே கையில் ஏறிவிடும். பூஸ்ட் வாங்கியவருக்கோ இந்த நான்கும், இன்னும் ஒரு கூட்டமும் ஒரே நேரத்தில் திரையில் வந்து நிற்கும். எது சேர்ப்பது, எது செலவழிப்பது என்று தெரியாமல் டன்ஜனுக்குள் (சிறு குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்) நுழைந்தால் ஷீல்டு பிளாக் இல்லாமலே அடி வாங்குவார். பின்னால் நின்று குணப்படுத்தும் ஹீலர், ஸ்பெல் போடத் தேவையான மனாவைக் கொட்டித் தீர்ப்பார்.

இரண்டாம் படி: காசு கொடுக்காமல் கிளாஸைப் பாருங்கள்

கேமில் 13 கிளாஸ்கள் இருக்கின்றன. பெயரையும் உடையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பேருக்கு ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள்.

ஒன்று, இலவச ஸ்டார்ட்டர் பதிப்பு. லெவல் 20 வரை காசே இல்லாமல் விளையாடலாம். புதியவர்கள் எக்ஸைல்ஸ் ரீச் என்ற தீவில் தொடங்குவார்கள். 1இலிருந்து 10 வரை அங்கேயே. நகர்வது, அடிப்பது, குவெஸ்ட் என்ற பணிகளை வாங்குவது, கடைசியில் ஒரு சின்ன டன்ஜன் என்று எல்லாவற்றையும் அழகாகக் கற்றுத்தருகிறது. பூஸ்ட் வாங்கப் போகிறேன், இதெல்லாம் எதற்கு என்று தாண்டிவிடாதீர்கள். பிடித்த மாதிரித் தெரியும் மூன்று கிளாஸ்களை எடுத்து, மூன்றையும் இந்தத் தீவில் முடியுங்கள்.

இரண்டாவது, கிளாஸ் ட்ரையல். புதுக் கேரக்டரை உண்டாக்கும் திரையில் இந்தத் தேர்வு இருக்கும். பூஸ்ட் கொடுக்கும் அதே லெவலில் ஒரு தற்காலிகக் கேரக்டரைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விளையாட விடுவார்கள். ஏல மாடம், தபால், வியாபாரம் எல்லாம் மூடியிருக்கும். சண்டை போட்டுப் பார்க்கலாம். பிடித்துவிட்டால் அதே கேரக்டருக்குப் பூஸ்ட் போட்டு நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். 60 டாலர் பொருளை ஓசியில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இதைப் பயன்படுத்தாமல் நேராகக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மூன்றாம் படி: ஏற்கெனவே கையில் பூஸ்ட் இருக்கிறதா?

சந்தா கட்டினாலே பழைய எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். மிகப் புதியதை மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதன் விலை உயர்ந்த பதிப்புகளில் பெரும்பாலும் ஒரு பூஸ்ட் சேர்ந்தே இருக்கும். வார் விதின் வெளியானபோது சாதாரணப் பதிப்பு 50 டாலர், பூஸ்ட் சேர்ந்த ஹீரோயிக் பதிப்பு 70 டாலர். வித்தியாசம் 20 டாலர்தான். சாதாரணப் பதிப்பை வாங்கிவிட்டு அப்புறம் பூஸ்டைத் தனியாக 60 கொடுத்து வாங்கியவர்கள் 40 டாலரை அநியாயமாக இழந்தார்கள். ஆகவே எக்ஸ்பான்ஷனையும் பூஸ்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியது இருந்தால், கேரக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் சின்னம் தெரியும். அவசரமே இல்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

நான்காம் படி: கணக்கும் காசும்

பிளிஸார்டு கேம்களுக்கான பேட்டில்நெட் கணக்குக்கு முதலில் ஆதென்டிகேட்டரை (லாகின் செய்வது நீங்கள்தானா என்று உறுதி செய்யும் வசதி) போடுங்கள். காசு போட்ட கணக்கைத்தான் திருடர்கள் தேடுவார்கள்.

பிறகு ரீஜன். அமெரிக்கா, ஐரோப்பா என்று கேம் கணக்குகள் தனித்தனி. ஒரு ரீஜனுக்கு வாங்கிய பூஸ்ட் இன்னொன்றில் வேலை செய்யாது. நண்பர்கள் எந்த ரீஜனில் விளையாடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்திய வங்கி அட்டையில் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 மார்ச்சிலிருந்து, ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பில் போய் அதை இயக்கி, வரம்பும் வைத்துவிட்டுக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப அணைத்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பூஸ்டைப் போடுவது

இது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. கேரக்டர் திரையில் பூஸ்ட் சின்னத்தைத் தட்டினால், இருக்கும் கேரக்டருக்கா புதியதற்கா என்று கேட்கும். அடுத்து ஸ்பெஷலைசேஷன் கேட்கும்: டாங்க், ஹீலர், அடிப்பவர் இவற்றில் எது என்று. நீங்கள் சொல்வதற்கு ஏற்ற கியர்தான் கிடைக்கும். கடைசியாக உறுதி செய்யச் சொல்லும். அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன் கேரக்டரின் பெயர், சர்வர், பக்கம் (அலையன்ஸா, ஹோர்டா) மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். போட்ட பூஸ்டை எடுத்து இன்னொரு கேரக்டருக்கு மாற்ற முடியாது.

ஆறாம் படி: முதல் சில நாட்கள்

உள்ளே வந்ததும் நேராக டன்ஜன் வரிசையில் நிற்காதீர்கள். இரண்டு பக்கத்தின் தலைநகரங்களான ஸ்டார்ம்விண்டிலும் ஆர்கிரிமாரிலும் பயிற்சி பொம்மைகள் நிற்கும். அதன் முன்னால் நின்று ஒவ்வொரு ஸ்பெல்லின் மேலும் சுட்டியை வைத்துப் படியுங்கள். இரண்டு கேள்விகள் போதும்: இது எதைச் செலவழிக்கிறது, எதைக் கொடுக்கிறது? பதில் கிடைத்தவுடன், சேர்ப்பவற்றைத் திரையின் பட்டன் வரிசையில் ஒரு பக்கமும் செலவழிப்பவற்றை இன்னொரு பக்கமும் அடுக்குங்கள். அவசரத்துக்குத் தற்காத்துக்கொள்ளும் ஸ்பெல்களை விரல் எளிதில் எட்டும் இடத்தில் தனியாக வையுங்கள்.

திறன்களைத் தேர்ந்தெடுக்கும் டேலன்ட் மரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் ஸ்டார்ட்டர் பில்டு என்று ஒரு தேர்வு உண்டு. கேமே சொல்கிற பாதை அது. தொடக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். 2025 ஜூனில் வந்த 11.1.7 பேட்ச்சில் இன்னொரு நல்ல உதவியும் சேர்ந்தது: அடுத்து எந்த ஸ்பெல்லை அடிக்கலாம் என்று பட்டனை ஒளிரவைத்துக் காட்டும் வசதி. அதை இயக்கிவிட்டு விளையாடுங்கள். ஆனால் ஏன் அது இப்போது ஒளிர்கிறது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தபடி அழுத்தினால்தான் கை பழகும்.

அதற்கப்புறம் ஃபாலோயர் டன்ஜன். 2024 ஜனவரியில் வந்தது. உங்களோடு கணினியே ஓட்டும் நான்கு துணைவர்கள் வருவார்கள். நீங்கள் டாங்க் என்றால் அவர்கள் பொறுமையாகப் பின்னால் வருவார்கள். ஹீலர் என்றால் தவறு செய்தாலும் திட்ட மாட்டார்கள். பூஸ்ட் போட்டு வந்த ஒருவருக்கு இந்தக் கேமில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரே டன்ஜனைத் திரும்பத் திரும்பப் போய், வழியும் பாஸ்களும் (பெரிய எதிரிகள்) மனப்பாடம் ஆனபிறகு மனிதர்களோடு போங்கள். வார் விதினில் டெல்வ் என்ற சிறு குகைகளும் உண்டு. பிரான் பிரான்ஸ்பியர்டு என்ற குள்ளர் துணைக்கு வர, தனியாகவே முடிக்கலாம்.

காசில்லாமல் வேகமாக ஏற

இதைப் படித்தபின் 60 டாலர் அதிகம் என்று தோன்றினால், எனக்குச் சந்தோஷம்தான். லெவல் 10 ஆனதும் தலைநகரில் குரோமி என்ற பாத்திரத்தைப் பாருங்கள். எந்தப் பழைய எக்ஸ்பான்ஷனின் கதையில் ஏற வேண்டும் என்று அவளிடம் தேர்ந்தெடுக்கலாம். எதிரிகளின் பலம் உங்கள் லெவலுக்குத் தக்கபடி மாறும் என்பதால் ஒரே கண்டத்தின் கதையிலேயே நெடுந்தூரம் வரலாம். நடுநடுவே டன்ஜன் வரிசையிலும் நில்லுங்கள், வேகம் கூடும்.

சிறப்பு நிகழ்வுகள் வரும்போது விடாதீர்கள். 2024 மே முதல் ஆகஸ்ட் வரை நடந்த மிஸ்ட்ஸ் ஆஃப் பாண்டாரியா ரீமிக்ஸில் 10இலிருந்து 70 வரை ஓடி ஏறி, நிகழ்வு முடிந்ததும் அந்தக் கேரக்டரைச் சாதாரணக் கேமுக்கே கொண்டுவர முடிந்தது.

ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாடுகிறவர்களுக்கு

அங்கே தாண்டல் இரண்டு வகை, தனித்தனியாக விற்கிறார்கள். ஜாப் (கிளாஸுக்கு அங்கே உள்ள பெயர்) லெவலை ஏற்றுவது ஒன்று. முதன்மைக் கதையை முடித்ததாகக் கணக்கு வைப்பது இன்னொன்று. 2017இல் ஸ்டார்ம்பிளட் என்ற எக்ஸ்பான்ஷன் வந்த சமயத்தில் தொடங்கியது இது. லெவலை மட்டும் வாங்கிவிட்டுப் புது ஊருக்குப் போகலாம் என்று நினைத்தால் கதவு திறக்காது, ஏனென்றால் அந்தக் கேமில் ஊர், டன்ஜன் எல்லாமே கதையோடு பூட்டப்பட்டவை. கதையை மட்டும் வாங்கினால் லெவல் ஏறாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் காசு.

அங்கே கதைத் தாண்டலை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் கேமுக்கு மக்கள் வருவதே கதைக்காக. போதாததற்கு, 2023 அக்டோபரிலிருந்து அதன் இலவச ட்ரையல் லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் கதை முழுவதும் சேர்த்தே கிடைக்கிறது.

வெளியாட்களிடம் வாங்குவது பற்றி

பூஸ்ட் என்று தேடினால், பாஸ்வேர்டைக் கொடுங்கள், நாங்களே விளையாடி ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் வரிசையாக வரும். கடையில் இருப்பதைவிட மலிவாகவும் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். கணக்கை இன்னொருவரிடம் கொடுப்பதே விதிமீறல். தெரிந்தால் கணக்கு முடக்கப்படும். தெரியாமல் போனாலும், உங்கள் பாஸ்வேர்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கிறது. 2022 ஜனவரி கடைசியில் பிளிஸார்டு இன்னும் ஒரு படி போய், கேம் தங்கத்துக்கே வேலை செய்தாலும், சர்வர் சர்வராக அமைப்பு நடத்திப் பூஸ்ட் விற்பவர்களைத் தடை செய்தது. உங்கள் கில்டில் (சேர்ந்து விளையாடும் சங்கம்) ஒருவர் தங்கம் வாங்கிக்கொண்டு ஒரு டன்ஜனில் கூட்டிப்போவது வேறு, அது தடையில்லை. அப்போதும் காசும் பாஸ்வேர்டும் கை மாறக் கூடாது.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, மற்ற கருவிகளில் உள்ள எல்லா லாகினையும் துண்டித்து, ஆதென்டிகேட்டரைப் போடுங்கள். அதே பாஸ்வேர்டு உங்கள் மின்னஞ்சலுக்கும் இருந்தால், மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள்.