வன்னியில் ஐரோப்பிய மெய்யியல் உரை: ஒழுங்குசெய்வோருக்குச் சில குறிப்புகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஐரோப்பிய மெய்யியல் பற்றிய உரையொன்றை ஒழுங்குசெய்பவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது, கேட்க வருபவர்களில் மெய்யியலைப் பட்டப்படிப்பாகப் படித்தவர்கள் மிகக் குறைவு என்பதாகும். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்ட வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள் இயங்குகின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் உள்ளன. அதன் மெய்யியல்துறையோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் இருக்கிறது. ஆகவே மண்டபத்தில் பொறியியல் மாணவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ படித்து அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள், மனித இருப்பையும் சுதந்திரத்தையும் ஆராயும் இருத்தலியம் பற்றிச் சிறுசஞ்சிகைகளில் வாசித்தும் அதைப் பேச ஆள் கிடைக்காதவர்கள் எனப் பலரும் கலந்திருப்பார்கள். உரையின் அமைப்பை இவர்களை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

‘கான்ற் முதல் தெரிதா வரை’ என்பது போன்ற தலைப்பைப் பேச்சாளர் எவ்வளவு விரும்பினாலும் ஏற்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் இருநூறு ஆண்டுகளைக் கடப்பவர் சபையிடம் பெயர்களை மட்டுமே விட்டுச்செல்வார். வெறும் பெயர்களோடு எவரும் விவாதிக்க முடியாது. மாறாக, ஒரு நூலின் ஓரிரு பக்கங்களைத் தெரிவுசெய்து, அவற்றின் தமிழாக்கத்தைப் பேச்சாளரிடம் சரிபார்த்து, ஒரு கிழமைக்கு முன்னரே வருபவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். 1933 முதல் 1939 வரை பாரிசில் அலெக்சாந்தர் கோஜேவ் என்ற மெய்யியலாளர், ஜேர்மன் மெய்யியலாளர் ஹெகலின் ‘ஆன்மாவின் தோற்றப்பாட்டியல்’ என்ற ஒரே நூலை வாசித்து விளக்கினார். பின்னாளில் பெயர்பெற்ற உளப்பகுப்பாய்வாளர் லக்கானும் மெய்யியலாளர் மெர்லோ-பொந்தியும் அந்த வகுப்பில் அமர்ந்து கேட்டவர்கள். ஆறு ஆண்டுகள் நமக்குக் கிடையா, இரண்டு பக்கங்களுக்கு ஒரு பின்னேரம் போதும்.

முதற் கூட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது, பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தரின், 1943 இல் வெளிவந்த ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் பிறரது பார்வை பற்றி வரும் பகுதியாகும். ஒருவன் கதவின் திறப்புத் துவாரத்தினூடாக உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வேளையில் அவனுக்குத் தன்னைப் பற்றிய எண்ணமே இல்லை. திடீரெனக் காலடிச் சத்தம் கேட்கிறது; அக்கணமே, ஒளிந்து பார்க்கும் ஒருவனாகத் தன்னை இன்னொருவரின் கண்முன் உணர்ந்து வெட்கமடைகிறான். இதை ஒருவர் உரத்து வாசித்த பின், பேச்சாளர் விளக்கத் தொடங்குமுன்னர், சபையிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: திரும்பிப் பார்த்தபோது அங்கே எவருமில்லை என்றால், அந்த வெட்கம் பொய்யாகிவிடுமா? சார்த்தரே இக்கேள்வியை எழுப்பி, வந்தவர் எவருமில்லை என்று தெரிந்த பின்னரும் நாம் பார்க்கப்படக்கூடியவர்கள் என்ற நிலை நீங்குவதில்லை என்கிறார். ஆனால் அந்த விடையைப் பேச்சாளர் பத்து நிமிடத்துக்காவது சொல்லாமல் வைத்திருப்பது நல்லது.

இந்தப் பகுதியை வன்னியில் வாசிக்கும்போது சோதனைச் சாவடிகளின் நினைவு எழுவது இயல்பு. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றபோது தன்மேல் விழுந்த பார்வை வெட்கத்தை அன்றி அச்சத்தையே தந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். அதை அனுதாபத்தோடு கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது பெரும் பிழை. அது சார்த்தருக்கு எதிரான வாதம். பார்ப்பவரின் கையில் ஆயுதம் இருக்கும்போது பார்வை பற்றிய அவரது விளக்கம் போதுமானதா என்று நெறியாளர் அதைப் பேச்சாளரிடம் வாதமாகவே முன்வைக்க வேண்டும். அதேவேளை, எவரிடமும் அவருடைய இழப்பை உதாரணமாகச் சொல்லும்படி கேட்கக் கூடாது. மரணம், நினைவு, சாட்சியம் ஆகியவை பற்றிய பகுதிகளை எடுப்பதாயின், பேசாமல் இருக்கவும் இடையில் எழுந்து செல்லவும் எவருக்கும் உரிமை உண்டென்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். போரின் இறுதி நாட்கள் நினைவுகூரப்படும் மே மாதத்தில் அவற்றைத் தவிர்ப்பதே என் விருப்பம்.

ஜேர்மன் மெய்யியலாளர் ஹைடெகரைப் பற்றிப் பேசுபவர், அவர் 1933 இல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததையும் அவ்வாண்டிலேயே பிறைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்ததையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கூறிவிட வேண்டும். கடைசியில் யாரேனும் கேட்கும்வரை காத்திருந்தால், அதுவரை சொன்ன அனைத்தையும் சபை ஐயத்தோடு திரும்பிப் பார்க்கும்.

உரைக்கு நாற்பது நிமிடம், கலந்துரையாடலுக்கு ஒரு மணித்தியாலம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். பாரிசிலுள்ள பிரான்சுக் கல்லூரியில் மெய்யியலாளர் ஃபூக்கோ ஆற்றிய உரைகளுக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது, மேசையில் ஒலிப்பதிவுக் கருவிகள் குவிந்து கிடந்தன. ஆயினும் உரை முடிந்தபின் விவாதம் நிகழாததை அவரே குறையாகச் சொன்னார். நம்மிடம் வேறொரு நோயும் உண்டு: மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எனப் பேச்சாளர் எழும்புவதற்கு முன்னரே முக்கால் மணித்தியாலம் போய்விடும். அறிமுகத்தை மூன்று நிமிடத்தில் முடித்து, நன்றியை வாசலில் சொல்லுங்கள். கேள்வி என்ற பெயரில் இன்னொரு உரை ஆற்றுபவரை இரண்டு நிமிடத்தில் மரியாதையாக நிறுத்துவதற்கு, வயதில் மூத்த நெறியாளர் ஒருவர் இருப்பது உதவும். பின்வரிசையில் இருக்கும் மாணவிகள் பலர் எழுந்து கேட்கத் தயங்குவதனால், துண்டுத்தாள் கொடுத்து எழுத்திலும் கேள்விகளைப் பெறலாம். கூர்மையான கேள்விகள் பெரும்பாலும் அவ்வழியாகவே வருகின்றன.

சனி, ஞாயிறு காலைகளில் ரியூசன் வகுப்புகள் நடப்பதால் பிற்பகல் இரண்டரை மணி பொருத்தமானது. முல்லைத்தீவு, மாங்குளம் பக்கம் திரும்ப வேண்டியவர்களின் கடைசி பஸ் நேரத்தை விசாரித்து, அதற்கு அரை மணித்தியாலம் முன்னரே முடியுங்கள். மின்சாரம் நின்றாலும் தொடரக்கூடியவாறு, திரையை நம்பாமல் பிரதிகளை அச்சிட்டு வையுங்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டால் ஒலிவாங்கி இல்லாமலே முப்பது பேர் பேசலாம்.

பதிவு எடுப்பதற்கு இரு மாணவர்களைப் பொறுப்பாக்குங்கள். 1929 இல் சுவிற்சர்லாந்தின் தாவோசில் ஹைடெகரும் இன்னொரு ஜேர்மன் மெய்யியலாளரான கசீரரும் நடத்திய விவாதம், கேட்டிருந்த இளையவர்கள் எழுதிய குறிப்புகளின் வழியாகவே இன்றும் வாசிக்கப்படுகிறது. இருவரும் தனித்தனியாக எழுதி, பின்னர் ஒப்பிட்டு, பேச்சாளருக்கு அனுப்பித் திருத்தம் பெறட்டும். தீராமல் நின்ற கேள்விகளை அக்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்தால், அடுத்த கூட்டத்துக்கான பகுதியை அதிலிருந்தே தெரிவுசெய்யலாம்.