ஸ்கெட்சுக்கு அளவு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டிசைன் பிரிவில் சமீபத்தில் இரண்டு பயிற்சியாளர்கள் சேர்ந்தார்கள். டிப்ளமோ முடித்த கையோடு வந்தவர்கள். வேலையில் நல்ல வேகம். முப்பரிமாண டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸைத் திறந்த அரை மணி நேரத்தில் ஒரு பிராக்கெட்டை முடித்துக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஸ்கெட்சுக்கு, அதாவது பாகத்துக்கு அடிப்படையான தட்டை வரைபடத்துக்கு, அளவு போடுவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கே சறுக்கினேனோ அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை, இவர்களுக்கும் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மில்லிமீட்டருக்குப் பதிலாக அங்குலத்தில் ஃபைல் திறப்பது, ஒரு பூஜ்யத்தை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். மாதக்கணக்கில் ஃபைலுக்குள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, யாரோ ஓர் எண்ணை மாற்றும் நாளில் வெளியே வருகிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு. உதாரணங்கள் சாலிட்வொர்க்ஸிலிருந்து. ஃப்யூஷன், ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்களுக்கும் இவை பொருந்தும், பட்டன் இருக்கும் இடம்தான் வேறு.

கைக்கு எட்டிய விளிம்பிலிருந்து அளவு எடுப்பது

டிராயிங் போர்டு காலத்தில் கோட்டை முதலில் போட்டுவிட்டு அதன் நீளத்தை மேலே எழுதுவார்கள். 1982இல் வந்த ஆட்டோகேடிலும் நெடுங்காலம் அதே கதைதான். டைமென்ஷன் என்பது ஏற்கெனவே இருக்கும் நீளத்தைச் சொல்லும் குறிப்பு. எந்த விளிம்பிலிருந்து அளந்து காட்டினாலும் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றின் பாராமெட்ரிக் ஸ்கெட்சில் இது தலைகீழ். எண் சொல்வதைக் கோடு கேட்கும். வரைபடம் நாம் விதிக்கும் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற யோசனை 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இருந்தது. 1980களின் கடைசியில் புரோ இன்ஜினியர் என்ற மென்பொருள் அதை டிசைன் அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தது. 1995இல் சாலிட்வொர்க்ஸ் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கியது.

ஆகவே நீங்கள் ஒரு டைமென்ஷன் போடும்போது இரண்டு விஷயங்களைச் சொல்கிறீர்கள்: எவ்வளவு, எதிலிருந்து. முதலாவது தப்பானால் வெர்னியர் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது தப்பானால் எண் மாறும்வரை யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியவந்த விதம் இது. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் முதல் வேலை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து உட்காரும் பேஸ் பிளேட் ஒன்றை வரைந்தேன். மோட்டார் ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) அளவுப்படி 90எல் ஃப்ரேம். ஐஇசி ஃப்ரேமில் அந்த எண்ணே கால் தளத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரையுள்ள உயரம், அதாவது 90 மிமீ. கால் துளைகளுக்குக் குறுக்கே 140, நீளவாக்கில் 125. பிளேட் அகலம் 220 வைத்தேன். இடது விளிம்பிலிருந்து 40 மிமீ தள்ளி முதல் துளை, அங்கிருந்து 140இல் அடுத்த துளை. பம்புக்கும் அதே பாணி: இடது விளிம்பிலிருந்து 50, அங்கிருந்து 120. கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டாரின் நடு 110இல், பம்பின் நடு 110இல், பிளேட்டின் நடுவும் 110இல். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்கெட்ச் முழுக்கக் கறுப்பானது. நீலம் என்றால் இன்னும் நகரும், கறுப்பு என்றால் முழுக்கக் கட்டுப்பட்டுவிட்டது என்று படித்திருந்தேன். அதனால் திருப்தியோடு மூடிவைத்தேன்.

சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் அதிகத் திறனுள்ள மோட்டார் கேட்டார். ஃப்ரேம் 100எல். துளை இடைவெளி 140 போய் 160, 125 போய் 140. அகலம் போதாது என்று பிளேட்டை 240 ஆக்கினேன். இந்த ஃப்ரேமில் ஷாஃப்ட் 10 மிமீ உயரம் என்பதால், மோட்டாருக்கு அடியில் உயரத்துக்காக வைத்த பேக்கிங்கில் 10 மிமீ குறைத்தேன். மோட்டார் பக்கத்தைப் பார்த்தேன்: இடது ஓரம் 40, நடுவில் 160, வலது ஓரம் 40. சரியாக இருந்தது. டிராயிங்கை வெளியிட்டேன்.

பம்பு பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நான் எதையும் மாற்றவில்லையே! பிளேட் வலது பக்கம் 20 மிமீ வளர்ந்ததால் மோட்டாரின் நடு 120க்குப் போய்விட்டது. பம்பு மட்டும் இடது விளிம்பைப் பிடித்துக்கொண்டு பழையபடி 110இலேயே நின்றது.

பன்னிரண்டு பிளேட்டுகளில் துளை போட்டாகிவிட்டது. அசெம்பிளியில் இருந்த ஃபிட்டர் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். "ஏனுங் தம்பி, பம்பு ஒரு கோட்டுல நிக்குது, மோட்டாரு ஒரு கோட்டுல நிக்குதே?" என்றார். கப்ளிங் அலைன்மென்டை டயல் வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் பார்க்கிற மனிதர் அவர். நான் அவருக்கு முன்னால் 10 மிமீ வித்தியாசத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். புதிதாகத் துளை போடவும் வழியில்லை. 14 மிமீ துளைக்கு 10 மிமீ தள்ளி இன்னொரு 14 போட்டால் டிரில் பழைய துளைக்குள் சரியும். பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, பிறகு போட வேண்டியதாயிற்று. வெல்டிங் சூட்டில் பிளேட் வளைந்ததால் மேல்பரப்பை மறுபடியும் மில்லிங் செய்தார்கள். பன்னிரண்டு பிளேட்டுக்கும்.

இதில் எந்த அளவும் தவறான எண் இல்லை. 40, 160, 50, 120, 240 எல்லாமே சரியான எண்கள். மென்பொருளும் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. பம்பும் மோட்டாரும் ஒரே அச்சில் சுழல வேண்டும் என்பதுதான் அந்தப் பிளேட் இருப்பதற்கே காரணம். அந்த ஒன்றை மட்டும் நான் ஸ்கெட்சில் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படிக் காப்பாற்றும்?

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் ஆரிஜின் (ஸ்கெட்சின் பூஜ்யப் புள்ளி) வழியாக ஒரு சென்டர்லைன். அதுதான் ஷாஃப்டின் அச்சு. துளைகளை அதன் இரு பக்கமும் சிமெட்ரிக் ஆக்கிவிட்டு, துளைக்குத் துளை 160 என்று ஒரே அளவு. பம்பின் துளைகளுக்கும் அதே கோடு. பிளேட்டின் ஓரங்களுக்கும் அதே கோடு. இனி எந்த எண்ணை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சமமாக நகரும், அச்சு அசையாது. போடும் அளவுகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும், 40க்கும் 50க்கும் இங்கே வேலையே இல்லை.

எல்லாப் பாகத்துக்கும் சென்டர்லைன்தான் வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டாரோடு ஒட்டி உட்காரும் பிராக்கெட்டுக்கு அந்த ஒட்டும் முகம்தான் தொடக்கம். பேரிங் ஹவுசிங்குக்கு, பேரிங் உட்காரும் போர் துளையின் மையம். பாகம் எங்கே உட்காருகிறது, எதைச் சுற்றி வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டு, அங்கே ஆரிஜினை வையுங்கள். மவுஸ் முதலில் போய் நின்ற மூலையில் அல்ல.

இதே தவறின் இன்னொரு முகம் சங்கிலி அளவு. ஐந்து துளைகள், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 40 மிமீ. அந்த ஸ்கெட்ச் அளவுகளை அப்படியே டிராயிங்குக்கு இழுத்துவிடுவார்கள். பொது டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) தரமான ஐஎஸ்ஓ 2768இன் நடுத்தர வகுப்பில் 30க்கு மேல் 120 வரையுள்ள அளவுக்கு ±0.3 மிமீ அனுமதி. நான்கு இடைவெளி சேர்ந்தால் முதல் துளைக்கும் ஐந்தாவதற்கும் நடுவே ±1.2 வரை போகலாம், அதற்குப் பிறகும் பாகம் டிராயிங்படி சரியானதுதான். எம்10 போல்ட்டுக்கு 11 மிமீ துளை போட்டிருந்தால் ஐந்தாவது போல்ட் இறங்காது. ஒரே இடத்திலிருந்து 40, 80, 120, 160 என்று கொடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகாது. மெஷினில் நிற்பவருக்கும் அதுதான் வசதி, அவர் ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு அங்கிருந்துதான் எண்ணுகிறார்.

போன வாரம் ஒரு பயிற்சியாளர் பேஸ் பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "கறுப்பாயிடுச்சு சார்" என்றார். மோட்டார் துளை இடைவெளியை நான் 190 ஆக்கினேன். துளைகள் ஒரு பக்கமாகவே ஓடின. அவர் முகம் மாறியது. எனக்கு அந்த வெல்டிங் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நேர்த்தியாகக் கறுப்பாகியிருக்கும் ஸ்கெட்சைப் பார்த்தாலே இப்போதும் எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம். யார் ஸ்கெட்ச் கொடுத்தாலும் முக்கியமான எண் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறேன். எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பழைய எண்ணைத் திரும்பப் போடுவேன். இரண்டு நிமிட வேலை.

ஃபில்லெட்டை (மூலை வளைவை) பிடித்து அளவு போடுவது

மூலையை ஸ்கெட்சிலேயே உருட்டிவிட்டு, வளைவு தொடங்கும் புள்ளியிலிருந்து துளைக்கு அளவு கொடுக்கிறார்கள். ஆரம் 5 என்பது 8 ஆனதும் துளையும் 3 மிமீ கூடவே போகும். முடிந்தவரை ஃபில்லெட்டை ஸ்கெட்சில் போடாமல் கடைசியில், பாகம் உருவான பிறகு, தனி ஃபீச்சராகப் போடுங்கள்.

ஃபிக்ஸ் போட்டு (கோட்டை இருந்த இடத்திலேயே ஆணியடித்து) கறுப்பாக்குவது

வேண்டாம்.

சாய்வு அளவு, நேர் அளவு

இரண்டு புள்ளிகளைத் தொட்டுவிட்டு கர்சரை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதை வைத்துத்தான் அது கிடைமட்ட அளவா, செங்குத்தா, சாய்வா என்று முடிவாகிறது. புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தால் சாய்வுக்கும் கிடைமட்டத்துக்கும் திரையில் வித்தியாசமே தெரியாது. எண்ணும் ஒன்றுபோல இருக்கும். பிறகு ஒரு துளை 30 மிமீ மேலே போகும்போது, கிடைமட்டம் என்று நினைத்த 100 உண்மையில் சாய்வாக இருந்திருந்தால், கிடைமட்ட தூரம் 95.4 ஆகச் சுருங்கிவிடும். அளவுக் கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்த பிறகு கிளிக் செய்யுங்கள். சரியான திசை வந்ததும் மவுஸின் வலது பட்டனை ஒருமுறை அழுத்தினால் சாலிட்வொர்க்ஸில் அது அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஷாஃப்டுக்குப் பாதி அளவு

ரிவால்வ் செய்ய (அச்சைச் சுற்றிச் சுழற்றி உருவாக்க) பாதி வடிவம்தானே வரைகிறோம் என்று 28 மிமீ ஷாஃப்டுக்கு 14 என்று போடுகிறார்கள். வடிவம் சரியாகவே வரும். ஆனால் லேத்தில் நிற்பவர் மைக்ரோமீட்டரில் விட்டத்தைத்தான் அளக்கிறார். டாலரன்ஸும் விட்டத்துக்குத்தான். சென்டர்லைனையும் கோட்டையும் தொட்டுவிட்டு, கர்சரை சென்டர்லைனின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் அளவு இரட்டிப்பாகி விட்டமாக மாறும். அங்கே 28 என்று போடுங்கள். இதைத் தெரியாமலேயே ஐந்தாறு வருடம் வேலை பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

33.33

100ஐ மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் அளவுப் பெட்டியில் 100/3 என்றே தட்டலாம். அதைவிட நல்லது, அந்த 100 என்ற அளவையே சமன்பாட்டில் இழுத்துக் கொடுப்பது. மூன்று பாகமும் சமம் என்றால் ஈக்வல் என்ற நிபந்தனை போதும், எண்ணே வேண்டாம்.

டிரிவன் ஆக்கவா என்று கேட்டதும் சரி என்பது

தேவைக்கு மேல் ஓர் அளவு போட்டால் இதை டிரிவன் (நீளத்தைக் காட்ட மட்டும் செய்யும், எதையும் கட்டுப்படுத்தாத அளவு) ஆக்கட்டுமா என்று சாலிட்வொர்க்ஸ் கேட்கும். படிக்காமலே என்டர் தட்டுகிறார்கள். நீங்கள் போட நினைத்த அளவை வேறு ஏதோ ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். பெரும்பாலும் வரையும்போது தானாக ஒட்டிக்கொண்ட ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்தான் (கோடுகளுக்கு இடையிலான நிபந்தனை) காரணமாக இருக்கும். கேன்சல் கொடுத்து அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் நிற்கிற எண், மாற்ற வேண்டிய நாளில் மாறாது.

ஃபுல்லி டிஃபைன் ஸ்கெட்ச் பட்டன்

விடுபட்ட அளவுகளை மென்பொருளே போட்டுக்கொள்ளும் பட்டன் இது. கை வைக்காதீர்கள். உங்கள் பாகம் எதற்கு என்று அதற்குத் தெரியாது.

அளவுக்குப் பெயர் வைக்காமல் விடுவது

டி1, டி2, டி7 என்று மென்பொருள் வைத்த பெயரோடு ஃபைலை விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து டி7 எது என்று அவர்களுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் பெயர் தேவையில்லை, பின்னால் மாறக்கூடிய நான்கைந்துக்குப் போதும். என் பேஸ் பிளேட்டில் மோட்டார் துளைகளின் குறுக்கு இடைவெளிக்கு அப்படித் தனிப் பெயர் உண்டு. பிளேட் அகலம் அதோடு 80 கூட்டல் என்று சமன்பாடாக இருக்கிறது. போன மாதம் 112எம் ஃப்ரேம் கேட்டார்கள். 160ஐ 190 ஆக்கினேன், பிளேட் 270 ஆனது, துளைகள் இரண்டு பக்கமும் 15 மிமீ விலகின. நீள இடைவெளி இரண்டு ஃப்ரேமுக்கும் 140தான், அதைத் தொடவில்லை. அப்புறம் பம்பு பக்கம் போய், அதன் நடு அச்சிலேயே நிற்கிறதா என்று அளந்து பார்த்தேன். நின்றது.