கருவளர்ச்சி ஆய்வை எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? சிப்பியை வைத்தே சொல்கிறேன்

கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில்தான் என் முதல் கருவியல் வகுப்பு நடந்தது. பாறையில் முங்கி எடுத்து வந்த சிப்பியை அம்மா கத்தியால் பிளப்பாள். சிலவற்றில் சதை பால் வெள்ளையாக இருக்கும், சிலவற்றில் செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும். "வெள்ளை ஆண், சிவப்பு பெண்" என்று அம்மா சொன்னதைப் பல வருடம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முட்டையையும் விந்தையும் சுத்தமான கடல்நீரில் கலந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மறுநாள் பார்க்கும்போது டி எழுத்து வடிவத்தில் குட்டி ஓட்டோடு லார்வா நீந்திக்கொண்டிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

இப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்கிற பிள்ளை போன மாதம் ஓடி வந்தாள். சிப்பி லார்வாவில் ஓடு சுரக்கும் செல்கள் எப்போது தனியாகப் பிரிகின்றன என்பது அவள் வேலை. போனை நீட்டி, "மிஸ், இந்த ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் எட்டு. அனுப்பிரலாமா?" என்றாள். ஒரு ஜர்னலின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண் அது.

"அந்த ஜர்னல் என்ன கேள்வி கேக்குது மக்ளே?" என்றேன். அவளிடம் பதில் இல்லை. அவளுக்காகவும், அவளைப் போல முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை கணினியில் இல்லை, காகிதத்தில். உங்கள் ஆய்வின் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். செல் உயிரியலும் வளர்ச்சி உயிரியலும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்தாலும் இரண்டு வீடு. செல்லுக்குள் என்ன நடக்கிறது, சவ்வு எப்படிப் பொருளைக் கடத்துகிறது, செல் எப்படிப் பிரிகிறது என்று கேட்பது ஒன்று. ஒற்றை முட்டையிலிருந்து இத்தனை வகைச் செல்களும் உறுப்புகளும் எப்போது, எங்கே, எந்தச் சமிக்ஞையால் உருவாகின்றன என்று கேட்பது இன்னொன்று. எங்கள் சிப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஓடு சுரக்கும் செல்லுக்குள் கால்சியம் எப்படிப் போகிறது?" என்றால் அது செல் உயிரியல். "அந்தச் செல்கள் பக்கத்துச் செல்களிலிருந்து எப்போது பிரிந்தன, எந்த மரபணு முடிவு செய்தது?" என்றால் வளர்ச்சி உயிரியல். "கடல்நீரில் செம்பு கூடினால் எத்தனை லார்வா சாகும்?" என்றால் இரண்டும் இல்லை, அது நீர்வாழ் நச்சியல்.

மூன்றாவது வகையில்தான் நான் ஏழு மாதம் இழந்தேன். லார்வா என்ற சொல் தலைப்பில் இருந்ததால் வளர்ச்சி உயிரியல் ஜர்னலுக்கு அனுப்பினேன். ஒன்பதாவது நாள், மதிப்பீட்டாளரிடம் போகாமலே ஆசிரியரிடமிருந்து இரண்டு வரியில் திரும்பி வந்தது. வேலை தவறு என்று அவர் சொல்லவில்லை, எங்கள் வாசகருக்கானது இல்லை என்றுதான் சொன்னார். அது புரியாமல் அதே வகை ஜர்னல் இன்னும் இரண்டுக்கு அனுப்பினேன். கடைசியில் நச்சியல் ஜர்னல் ஒன்று சின்னத் திருத்தங்களோடு எடுத்துக்கொண்டது. கட்டுரை முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது, தட்டிய கதவுதான் தப்பு.

அப்புறம் ஜர்னலின் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். 'நோக்கமும் எல்லையும்' என்ற பக்கத்தை வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் வரவேற்பார்கள். உண்மை இதழ்களின் பொருளடக்கத்தில் இருக்கிறது. கடைசி ஒரு வருட இதழ்களிலிருந்து முப்பது கட்டுரைகளை எடுத்து, ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: எந்த உயிரி, எந்தப் பருவம், என்ன கேள்வி, எந்த முறை. சுருக்கத்தை வாசித்தாலே நிரப்பிவிடலாம். இரண்டு மாலை நேரம் போதும்.

என் மாணவி அந்த 'எட்டு' ஜர்னலுக்கு இதைச் செய்தாள். உயிரி என்ற கட்டத்தில் சுண்டெலி, ஜீப்ரா மீன், பழ ஈ, மறுபடியும் சுண்டெலி. சிப்பியின் இனமான மெல்லுடலி ஒன்றுகூட இல்லை. முறை என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு மரபணுவை நீக்கியோ அடக்கியோ பார்த்த சோதனை இருந்தது. அவளிடம் இருந்தவை மரபணு எங்கே வெளிப்படுகிறது என்று காட்டும் படங்கள் மட்டும். அழகான படங்கள், ஆனால் 'இதனால் இது' என்று சொல்லும் சோதனை இல்லை. நோட்டை மூடிவிட்டு அவளே சொன்னாள்: "இது நமக்கு இல்ல மிஸ்."

ஒரு ஜர்னலின் வரலாறும் அதன் மனதைக் காட்டும். 'டெவலப்மென்ட்' 1953-இல் கருவியலுக்கும் சோதனை உருவவியலுக்குமான ஜர்னலாகத் தொடங்கி, 1987-இல் இந்தப் பெயருக்கு மாறியது. வெளியிடுவது 'தி கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, 1925-இல் தொடங்கியது. இன்று அவர்கள் எதிர்பார்ப்பது வளர்ச்சியின் இயங்குமுறை. 'ஜர்னல் ஆஃப் செல் சயின்ஸ்' அதே வீட்டுப் பிள்ளை. 1853-இல் நுண்ணோக்கியியல் காலாண்டிதழாகப் பிறந்தது, அதன் கண் செல்லுக்குள்ளேயே இருக்கும். 'டெவலப்மென்டல் டைனமிக்ஸ்' 1901-இன் அமெரிக்க உடற்கூறியல் இதழிலிருந்து வந்தது, உருவத்தைக் கவனித்து விவரிக்கும் மரபு அதன் வேரில் இருக்கிறது. சிப்பி, கடல் முள்ளெலி, புழு என்று ஆய்வகங்களில் அதிகம் வளர்க்காத உயிரிகளில் வேலை செய்கிறவர்கள், கருவளர்ச்சி பரிணாமத்தில் எப்படி மாறியது என்று கேட்கும் பரிணாம வளர்ச்சி உயிரியல் பக்கம் பாருங்கள்: 'எவோடெவோ', 'எவல்யூஷன் அண்ட் டெவலப்மென்ட்', 'டெவலப்மென்ட் ஜீன்ஸ் அண்ட் எவல்யூஷன்'. கடைசியாகச் சொன்னது 1894-இல் வில்ஹெல்ம் ரூ தொடங்கிய ஜெர்மன் இதழின் வாரிசு. பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமி நடத்தும் 'ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்' பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். உள்நாடு என்பதால் அதைக் குறைவாக நினைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். இம்பாக்ட் ஃபேக்டரை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், பாதி மயக்கம் தெளியும். ஒரு ஜர்னல் 2022, 2023 இரண்டு வருடத்தில் 100 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 2024-இல் உலகம் முழுக்க 400 தடவை மேற்கோள் காட்டினார்கள். 400-ஐ 100-ஆல் வகுத்தால் 4. அதுதான் 2024-க்கான இம்பாக்ட் ஃபேக்டர். இப்போது உள்ளே பாருங்கள். அந்த 400-இல் 150 மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரே ஒரு மீள்பார்வைக் கட்டுரைக்கு வந்திருக்கலாம். முப்பது கட்டுரைக்கு ஒன்றுகூட வராமல் இருந்திருக்கலாம். சராசரி நான்கு என்பதால் உங்கள் கட்டுரைக்கு நான்கு மேற்கோள் வரும் என்று அர்த்தம் இல்லை. மீள்பார்வைகளை மட்டும் வெளியிடும் ஜர்னல்கள் மேலே நிற்பதற்கும் இதுதான் காரணம். அவற்றில் பெரும்பாலும் அழைக்கப்பட்டவர்கள்தான் எழுதுவார்கள், உங்கள் ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவே வேண்டாம்.

இரண்டு வருடம் என்ற அளவும் நம் துறைக்கு நெருக்கடி. கருவளர்ச்சி வேலை மெதுவாகத்தான் பேசும். ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டா மாங்கோல்டும் நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரியின் கருவிலிருந்து ஒரு துண்டை இன்னொரு கருவில் ஒட்டவைத்து, அதிலிருந்து இரண்டாவது உடலச்சு உருவாவதைக் காட்டிய கட்டுரை 1924-இல் வந்தது. நூறு வருடம் கடந்தும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒரு மேற்கோளைக்கூட இன்றைய இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கு தொடாது. அதனால் மேற்கோள்களின் அரை ஆயுளையும் பாருங்கள், அதாவது அந்த ஜர்னலுக்கு வரும் மேற்கோள்களில் பாதி எத்தனை வருடம் பழைய கட்டுரைகளுக்கு வருகிறது என்ற கணக்கு. நீளமாக இருந்தால் அங்கே வருகிற வேலை வாழ்கிறது என்று பொருள். மேற்கோள்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தின் சைட்ஸ்கோர் நான்கு வருடக் கணக்கு. அதையும் இம்பாக்ட் ஃபேக்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு படி. புற்றுநோய் ஜர்னலின் எண்ணைக் கருவியல் ஜர்னலோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். ஒரே துறையின் ஜர்னல்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால், உங்கள் ஜர்னல் எத்தனையாவது கால்பகுதியில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஸ்சிமாகோ தளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம்.

இந்த எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் செல் உயிரியலாளர்களே இருந்தார்கள் என்பது எனக்குப் பெருமை. அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் 2012 கூட்டத்தின்போது சான் பிரான்சிஸ்கோவில் பேச்சு தொடங்கி, அடுத்த வருடம் 'டோரா' பிரகடனம் வெளிவந்தது. பெரிய எண் இருந்தால் பிழை வராது என்றும் இல்லை. 2014 ஜனவரியில் 'நேச்சர்' வெளியிட்ட, சாதாரணச் செல்லை அமிலத்தில் நனைத்தே ஸ்டெம் செல்லாக்கலாம் என்ற ஸ்டாப் செல் கட்டுரைகள் இரண்டும் அந்த ஜூலையிலேயே திரும்பப் பெறப்பட்டன.

ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகமோ வேலைக்கான நேர்காணலோ எண்ணைக் கேட்கலாம், அதை நான் மறைக்க மாட்டேன். யு.ஜி.சி. 2022 விதிகளில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், அதனால் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'ஈலைஃப்' நல்ல எடுத்துக்காட்டு. 2023-இல் மதிப்பீட்டுக்குப் பிறகு ஏற்பு, மறுப்பு என்ற முடிவையே விட்டுவிட்டு, மதிப்பீடுகளோடு கட்டுரையை வெளியிடும் முறைக்குப் போனது. பிறகு அதற்கு இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாமல் போனது. வாசிக்க அருமையான இடம், எண் கேட்கும் இடத்தில் அதைக் காட்ட முடியாது.

போலி ஜர்னல் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கொதிக்கும். என் தோழி ஒருத்தி வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். மூன்றே நாளில் "ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் வந்தது. அடுத்த வருடம் அந்த இணையதளமே இல்லை, நான்கு வருட உழைப்பைத் தேடினால்கூடக் கிடைக்காது. யு.ஜி.சி. 2018-இல் தான் அங்கீகரித்த ஜர்னல்களின் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியது. பிறகு கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டது. ஆகவே சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது. "ஸ்கோபஸில் இருக்கிறோம்" என்று ஜர்னல் தளம் சொன்னால் நம்பாமல், ஸ்கோபஸ் தளத்துக்கே போய் ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டுத் தேடுங்கள். ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸின் முதன்மைப் பட்டியலும் இலவசம். உண்மையான ஜர்னலின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி வேறு முகவரியில் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஸ்கோபஸிலோ பதிப்பகத்தின் பக்கத்திலோ உள்ள இணைப்பு வழியாக மட்டும் போங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஆசிரியர் குழுவில் இரண்டு பேரை அவரவர் நிறுவனப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

பணமும் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம். யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கம் என்றால் எழுதியவருக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு, பல பதிப்பகங்களின் தானாகக் கிடைக்கும் தள்ளுபடிப் பட்டியலில் இந்தியா இல்லை. வாசகர் பணம் கட்டும் சந்தா வழியில் வெளியிட்டால் நல்ல ஜர்னல்கள் பலவற்றில் ஒரு ரூபாய்கூட ஆகாது. அனுப்பும் பக்கத்தில் எந்த வழி என்று கேட்கும் இடத்தில் கவனமாக இருங்கள்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று பெயரை வரிசையாக எழுதினோம், முதலில் ஒரு பரிணாம வளர்ச்சி ஜர்னல். ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும், திரும்பி வந்தால் மதிப்பீட்டாளர் சொன்னதைச் சரிசெய்து அடுத்ததற்கு. அதற்கு முன்னால் மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை ஏற்றி வைக்கும் பயோஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாகப் போட்டுவிட்டால் தேதியோடு வேலை உங்கள் பெயரில் நிற்கும். ஆசிரியருக்கான கடிதத்தில் "உங்கள் புகழ்பெற்ற ஜர்னல்" என்று தொடங்காமல், அந்த ஜர்னலில் சமீபத்தில் வந்த எந்தக் கட்டுரையின் கேள்வியை உங்கள் வேலை தொடர்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். முப்பது கட்டுரை நோட்டு இருந்தால் அந்த வரி தானாக வரும். என் மாணவிக்கு வந்துவிட்டது. நோட்டைப் பார்த்ததில் பத்தாவது மணி நேரத்து லார்வாப் படம் ஒன்று குறைவதும் தெரிந்தது. அதற்காக சனிக்கிழமை விடியற்காலையில் கடியப்பட்டணம் போகிறோம், சிப்பி எடுக்க முங்குகிறவர்களிடம் சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்து இரண்டு கூடை சொல்லி வைத்திருக்கிறேன்.