‘கொஞ்சம் படுங்க தாத்தா’: நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மாத்திரையை மறப்பது, நோயாளியைச் சுற்றிக் கூட்டம் போடுவது எல்லாம் சொல்லாமலே தெரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் புதிதாக நோயாளி பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது வேறு. நோயாளியின் உடம்பு தானே தேடிப் பிடித்த இருப்பைக் கலைத்து, ‘ஒழுங்காக’ப் படுக்க வைக்கிறார்கள்.

மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைப்பது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிற தவறு இது. இரவு 2 மணி. தாத்தா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்குகிறார். “களைச்சுப் போயிட்டீங்க, கொஞ்சம் படுங்க தாத்தா” என்று பேரன் தோளைப் பிடித்துச் சாய்க்கிறான். சற்று நேரத்தில் உதடு நீலம் பாய்கிறது. அப்புறம் காரின் பின் சீட்டில் மல்லாக்கக் கிடத்தி, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்!

இதயம் தளர்ந்தவர் படுத்தால், காலில் தேங்கியிருந்த ரத்தம் மார்புக்குத் திரும்பும். அதைத் தள்ள இதயத்துக்குத் தெம்பு இல்லை. நுரையீரலில் நீர் கோக்கும். வயிறு வேறு, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானத் தசையை மேலே நெட்டும். முட்டியில் கை ஊன்றுவதும் களைப்பால் அல்ல. தோள் அசையாமல் நின்றால்தான் கழுத்துத் தசைகளும் மார்புத் தசைகளும் விலா எலும்பைத் தூக்க முடியும். ஆஸ்துமாக்காரரும் இப்படித்தான் உட்காருவார்.

அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். கைப்பிடி நாற்காலியில், பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். முன்னால் மேசை, அதில் இரண்டு தலையணை, அதன்மேல் முழங்கை. சட்டைப் பொத்தானையும் கைலி முடிச்சையும் தளர்த்துங்கள். காற்றாடியை முகத்துக்கு நேரே திருப்புங்கள். காரில்தான் போயாக வேண்டும் என்றால் முன் சீட், சாய்மானம் நிமிர்ந்து. நினைவு தப்பினால் மட்டும் கணக்கு மாறும்: மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நின்றுவிட்டால் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

தலையணையை எண்ணாதது

இதயம் தளர்ந்தவரிடம் டாக்டர் “மூச்சு முட்டாம தூங்க எத்தனை தலையணை?” என்று கேட்பது வேடிக்கைக்கு இல்லை. போன மாதம் ஒன்று, இப்போது மூன்று என்றால் நோய் முற்றுகிறது. “டிவி பார்த்துக்கிட்டே நாற்காலியிலேயே தூங்கிடுறாரு” என்று சிரிக்கிற வீட்டில் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

மடக்கிய காலை நீட்டிவிடுவது

வலது அடிவயிறு வலித்து, வலது காலை மடக்கிக் கிடக்கிறாரா? குடல்வால் அழற்சியாக இருக்கலாம். காலை நீட்டினால் வீங்கிய குடல்வாலுக்குப் பின்னால் இருக்கும் தசை இழுபட்டு வலி கூடும். தைலம் போட்டு வயிற்றை நீவவே கூடாது. உருண்டு புரள்கிறவருக்குப் பெரும்பாலும் சிறுநீரகக் கல். இருமக்கூட அஞ்சி அசையாமல் கிடக்கிறவருக்கு வயிற்றின் உள்ளுறையே அழன்றிருக்கலாம். சத்தம் போடவில்லையே என்று அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

தொங்கும் காலைத் தூக்கி வைப்பது

சர்க்கரைக்காரர் இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், பாதத்துக்கு ரத்தம் எட்டாமல் இருக்கலாம். தலையணையில் தூக்கி வைத்தால் வலி ஏறும். நாள் கடத்தாமல் காட்டுங்கள்.

எச்சில் ஒழுக, முன்னால் சாய்ந்து உட்காரும் குழந்தை

தொண்டை வீங்கி மூச்சு அடைபடுகிறதாக இருக்கலாம். படுக்க வைக்காதீர்கள். தொண்டையில் கரண்டி விட்டுப் பார்க்காதீர்கள். 999.