சிசேரியன் வலி: தலையணைக்கு அடியில் ஒளிந்த மாத்திரைகள்

போன வாரம் வார்டில் தலையணை உறையை மாற்றும்போது இரண்டு மாத்திரை உருண்டு விழுந்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது, ஏனென்றால் என் முதல் பிரசவத்தில் நானும் அங்கேதான் ஒளித்தேன், அதுவும் நர்ஸாக இருந்துகொண்டு. காரைக்குடிப் பக்கம் ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கி, அதற்கேற்ப ஆபரேஷன் தேதி போட்டு வருகிறார்கள். முடிந்தபின் வலிக்கு என்ன தருவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கனம் தூக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விடுகிறேன். வலியைக் கூட்டும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலி வரட்டும், அப்புறம் போடலாம்

ஆபரேஷனுக்குப் போடும் முதுகு ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். அதில் மார்ஃபின் என்ற வலிமருந்து சேர்த்திருந்தால் வலி தெரியாமல் ஒரு நாள் வரைகூட ஓடும். அந்தத் தெம்பில் மாத்திரையை நீட்டினால் "இப்ப வலியே இல்லையே சிஸ்டர்" என்பார்கள், பக்கத்தில் அப்பத்தா "பாலோட பிள்ளைக்குப் போயிரும்த்தா" என்பார். நானும் அதை நம்பித்தான் இரண்டு வேளையைத் தவிர்த்தேன். நடுராத்திரியில் பிள்ளை அழுகிறது, எனக்குத் திரும்பிப் படுக்க முடியவில்லை, மூச்சை இழுத்தால் தையலும் சேர்ந்து இழுக்கிறது. அப்போது விழுங்கிய மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி ஆகும், வலி அதுவரை காத்திருக்குமா? டிரமடால் என்ற வலி ஊசி போட்டார்கள், வாந்தி வந்தது. தைத்த வயிற்றோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு அன்றிரவு புட்டிப்பால்.

வலிக்குத் தரும் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் பாலில் மிகக் குறைவாகத்தான் இறங்கும். இரண்டும் வெவ்வேறு வழியில் வலியைக் குறைப்பதால்தான் சேர்த்துத் தருகிறார்கள். பாராசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதியிருந்தால், முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கிறதா என்று யோசிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஐபுபுரோஃபென் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வீட்டு டப்பா மாத்திரையையும் சேர்ப்பது

அட்டையில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே பாராசிட்டமாலே இருக்கும். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு.

தலையணை இல்லாமல் படுப்பது

முதுகு ஊசி போட்டபின் சிலருக்குத் தலைவலி வரும். அதைத் தடுக்கத்தான் தலையணையை எடுத்துவிடுகிறார்கள், ஆனால் இதனால் அது தடைபடாது.

மல்லாந்தபடியே எழுவது

ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடியுங்கள். இன்னொன்று, நம் பெரிய வீடுகளில் பிள்ளை பெற்றவளை முற்றத்தைச் சுற்றிய வளவு அறையில் படுக்கவைத்துவிட்டு, கழிப்பறையைப் பின்கட்டில் வைத்திருக்கிறோம். நடுவில் எத்தனை நிலைப்படி! கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் போடுங்கள். ஆனால் நடக்காமல் படுத்தே கிடக்காதீர்கள், காலில் ரத்தம் உறையும்.

தண்ணீரைக் குறைப்பது

மருந்துக் குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்பது கதை. குடிக்காவிட்டால் மலம் இறுகி, முக்கும்போது உயிர் போகும்.

"சிசேரியன்னா வலிக்கத்தான் செய்யும்"

நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ராகு காலம் பார்க்காதீர்கள்.