கொழும்புக்குப் போகிறீர்களா? போனில் கார்ட் தட்டுவதை நம்பி இருக்காதீர்கள்

வெள்ளவத்தையில் இப்போது சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களும் கார்ட் எடுக்கிறார்கள். தனி மெஷின் இல்லை, அவர்களுடைய போன்தான் மெஷின். அதன் முதுகில் நம் கார்டை வைத்தால் காசு போய்விடும். அதை நம்பித்தான் லண்டனிலிருந்து போன நான் கையில் ரூபாய் இல்லாமல் இருந்தேன்.

பெரியம்மாவின் பேத்திக்குச் சாமத்திய வீடு, வயதுக்கு வந்த சடங்கு. மணவறை சோடித்த தம்பி மறுநாள் காலை மிச்சக் காசுக்கு வந்தார். 85,000 ரூபாய். "லண்டன் பிள்ளை தரும்" என்று பெரியம்மா அவரிடம் முதலே சொல்லிவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வராதவள் எந்த வாயால் பேசுவது? கார்டை எடுத்தேன்.

"அக்கா, முதல் 2,000 அடிச்சுப் பாப்பம்." போனின் தடித்த கவரைக் கழற்றி, கமராவுக்குக் கீழே கார்டை வைத்தார். டிங். அப்புறம் 83,000 அடித்தார். கார்டைச் செருகும்படி திரையில் வந்தது. போனில் எங்கே செருகுவது? இணையம் இழுக்கிறதோ என்று பல்கனிக்கும் போய்ப் பார்த்தோம். அதே எழுத்துத்தான்.

காரணம் திரும்பி வந்தபிறகுதான் விளங்கியது. பிரிட்டிஷ் கார்ட் பலவற்றில் பின் நம்பரைச் சரிபார்ப்பது கார்டில் இருக்கும் சிப்தான். செருகினால்தான் அது நடக்கும். சின்னத் தொகைக்குப் பின் நம்பர் தேவையில்லை, பெரிய தொகைக்குத் தேவை. துண்டு துண்டாகத் தட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், சில தட்டுகளுக்குப் பிறகு வங்கியே சிப்பைக் கேட்கும்.

ஆகவே புறப்படுமுன் கார்டை உங்கள் போனின் வாலட்டில் (ஆப்பிள் பே, கூகுள் பே போன்றது) ஏற்றுங்கள். அப்போது பின் நம்பருக்குப் பதிலாக உங்கள் முகமோ விரலோ போதும், பெரும்பாலும் பெரிய தொகையும் போகும். தட்டிக் கட்டலாம் என்று காட்டும் அலைக்குறி இல்லாத பழைய கார்ட் இப்படிப்பட்ட போனில் வேலை செய்யாது. பற்றுச்சீட்டு காகிதத்தில் வராது, மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடைகளில் ஒட்டியிருக்கும், போனால் ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்கா கியூஆர் உள்ளூர் வங்கிக் கணக்குக்காரருக்கானது. 2024 முதல் இந்திய யூபிஐயும் எடுக்கிறார்கள். லண்டன் வங்கி ஆப்புக்கு அதில் இடமில்லை.

நான் காலி வீதிக்கு ஓடினேன். முதல் ஏடிஎம் கார்டைத் திருப்பித் தந்தது. இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வியர்த்து வந்தபோது, தம்பி போய்விட்டிருந்தார். மேசையில் பெரியம்மாவின் நெஸ்டமோல்ட் டின் திறந்தபடி. பக்கத்தில் அவிழ்த்துப் போட்ட ரப்பர் பாண்ட். கண்ணுக்கு லென்ஸ் வைக்கச் சேர்த்த காசு அது என்று அண்ணி பிறகு சொன்னார். நான் நீட்டியதைப் பெரியம்மா தொடவேயில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

ஏடிஎம் ஒரு தடவையில் தரும் தொகைக்கு எல்லை உண்டு. வந்திறங்கிய நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். உங்கள் பெரியம்மா கேட்குமுன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.